ஒரு ‘ஹவ்’, ஒரு ஜோடி கால் கவசம்

ரஷ்மியின் தலைக்குள் காலையிலிருந்தே ஒரு ஹாக்கி மேட்ச் நடந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு பேரும் ஷூ போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

காரணம், மேடையில் பளபளத்த ஒரு ஜோடி கால் கவசங்கள். ஹைதராபாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கான வினாடி வினாவில் அதுதான் பரிசு. தலைப்பு, இந்திய ஆண்கள் ஹாக்கி அணி.

திருமுல்கேரி காலனி அணிக்கு ரஷ்மிதான் கோல்கீப்பர். இதுவரை சோபா மெத்தைகளைத் துப்பட்டாவால் காலில் கட்டிக்கொண்டு நின்றாள். போன வாரம் ஒரு பந்து மெத்தையைக் கிழித்தது. பறந்த பஞ்சைப் பார்த்துக் காலனியில் பனி பெய்கிறதென்று பாதிப் பேர் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டார்கள்.

“கவசம் இல்லாம இனி கோல்ல நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீ வெளியே உட்காரு” என்று சொல்லிவிட்டார் கோச் சகுந்தலா மேடம்.

ஆம்ஸ்டர்டாம் முதல் மாஸ்கோ வரை, எட்டு ஒலிம்பிக் தங்கத்தையும் ரஷ்மி தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். அவள் பயமே வேறு. பதில் தமிழில் மட்டுமே இருக்க வேண்டும். அவளுக்கோ பதற்றம் வந்தால் ‘ஆமாம்’ வராது. ஹைதராபாத் தெருவெல்லாம் சொல்லும் ‘ஹவ்’தான் வரும்!

வினாடி வினாவில் அவள் கூட்டாளி அனுபமா. இந்த ஜூனில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். ரஷ்மி ‘ஹவ்’ சொன்னபோதெல்லாம் கிள்ளிக் கிள்ளியே தமிழ் பழக்கினாள். ரஷ்மியின் கை கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

போட்டி தொடங்கியது. கேள்வி கேட்டவர் முந்தின நாள்தான் சென்னையிலிருந்து வந்திருந்த பக்தவத்சலம் சார்.

“1932 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு எதிராக எத்தனை கோல் போட்டோம்?”

“இருபத்துநாலு சார்! அவங்க போட்டது ஒண்ணு!” என்றாள் ரஷ்மி.

“ஏட்டி, பாவம்லா அந்த கோல்கீப்பர்!” என்று அனுபமா முணுமுணுத்தாள்.

ஒவ்வொரு அணியாக வெளியேறியது. கடைசியில் அவர்களோடு மிஞ்சியது, பக்கத்துப் பகுதியான மௌலா அலியின் அணி மட்டும். அதில் ரஞ்சனும், அவன் தம்பி கிருஷ்ணபிரசாத்தும் இருந்தார்கள். தம்பியின் பெயர் ஆளைவிட நீளம்.

இரு அணிகளும் சமம். கடைசிக் கேள்வி ரஞ்சனுக்கு.

“1948 லண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், பிரிட்டனை அவர்கள் மண்ணிலேயே நாலுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். சரியா?”

“ஹவ்!” என்று கத்தினான் ரஞ்சன்.

பக்தவத்சலம் சார் கண்ணாடியை இறக்கினார். “எப்படின்னு என்னையே இங்கிலீஷ்ல கேட்கிறியா தம்பி? கேள்வி கேட்கிறது என் வேலை.”

“இல்ல சார்... ஹவ் சார்!”

“மறுபடியுமா? சரி, கேள்வி திருமுல்கேரிக்குப் போகுது.”

ரஷ்மி ‘சரி’ என்று சொன்னால் போதும். கவசம் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமையும் அவளுடையது.

அவள் ரஞ்சனைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. பதற்றத்தில் ‘ஆமாம்’ எப்படி ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரஷ்மி எழுந்தாள்.

“சார், அவன் உங்களைக் கேள்வி கேக்கலை. பதில்தான் சொன்னான். எங்க ஊர்ல ஹவ்னா ‘ஆமாம்’.”

அனுபமா கிள்ளிய கிள்ளு எலும்பு வரை போனது. “ஏட்டி, ஒனக்கு கிறுக்கு புடிச்சிருக்கா?”

“அப்படியா?” என்று சார் கூட்டத்தைப் பார்த்தார்.

“ஹவ்!” என்றது மண்டபம் மொத்தமும். மின்விசிறிகள் ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் சுற்றின.

சார் சிரித்துவிட்டார். “புரியாதது என் தப்பு. ரஞ்சன், அதையே தமிழ்ல சொல்லு.”

“ஆமாம் சார்! சரி சார்! நாலு கோல் சார்!”

மௌலா அலி வென்றது. ரஷ்மி கைதட்டினாள். கண் மட்டும் கவசங்களை விட்டு நகரவில்லை.

வாசல் வரை அனுபமா கிள்ளிக்கொண்டே வந்தாள். பிறகு, “நீ செஞ்சது சரிதான். ஆனா ஞாயித்துக்கிழமை என்னட்டி செய்யப் போற?” என்றாள்.

“நில்லு! நில்லு!” என்று பின்னாலிருந்து ரஞ்சன் கத்தினான். அவன் பக்கத்தில் இரண்டு கால் கவசங்கள் தாமாகவே நடந்து வந்தன. அருகே வந்ததும்தான், அவற்றுக்கு மேலே கிருஷ்ணபிரசாத்தின் கண்கள் தெரிந்தன.

“எங்க கோல்கீப்பர் இவன்தான்” என்றான் ரஞ்சன் சோகமாக. “போட்டுப் பார்த்தோம். பந்தே தெரியலையாம். இவன் வளர்ற வரைக்கும் நீ வெச்சுக்கோ.”

ரஷ்மி கவசங்களைக் கழற்றி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். உடனே அடுத்த கவலை வந்தது.

“இவன் எப்ப வளருவான்?”

“சீக்கிரமே! அம்மா தினமும் ரெண்டு டம்ளர் பால் குடுக்கிறாங்க.”

“ஐயையோ!” என்றாள் ரஷ்மி. “ஒரு டம்ளர் போதும்னு சொல்லேன்!”