ஏழாம் வளையத்தின் எச்சில்

செவ்வாய்க் குடியிருப்பின் ஏழாம் வளையத்தில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவர்கள் முதலில் துப்ப வேண்டும். பெயர், வேலை, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாசலை ஒட்டி ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். வந்தவர் துப்பி மூடியை அழுத்தினால் கிண்ணம் மட்டும் உள்ளே போகும். ஆள் வெளியிலேயே நிற்பார். ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாயில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பென்ன என்பார்கள்.

அன்று வெளியே நின்றவள் பொற்கொடி. கீழே, மூன்றாம் வளையத்துக்காரி. ஏழாம் வளையத்துக்குத் தினமும் வந்து காற்று வடிகட்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறவள். அவளுடைய ஆறு வயது மகளுக்கு மூச்சிளைப்பு. கீழே உள்ள தூசிக் காற்றில் இன்னொரு குளிர்காலத்தைக் குழந்தை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேலே ஒரு வீடு காலியாக இருந்தது.

உள்ளே, குடியிருப்போர் சங்கக் கூடத்தில், செயலாளர் கோமகன் கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு அவளுடைய கிண்ணத்தை இடுக்கியால் தூக்கினான். நுரை தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூச்சை அடக்கிக்க தம்பி," என்றாள் சங்கத் தலைவி அகிலாண்டம், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி.

"மூடி இருக்கும்மா."

"மூடி இருந்தா? நெனப்பு மூடுதா?"

அவர்கள் பயந்தது கீழ்க்கசடு என்ற நுண்ணுயிருக்கு. கீழ் வளையத்து வாய்களில் மட்டும் வாழ்வது என்று ஏழாம் வளையத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அது யாருக்கும் ஒரு தும்மலைக்கூடத் தந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் நினைத்தாலே குமட்டியது; அது போதுமானதாக இருந்தது. இதுவரை சந்தேகம் என்று சொல்லியே கீழிருந்து வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது குடியேற்றச் சபை ஆதாரம் கேட்டது. ஆகவே மீநுண் ஒளிர்நோக்கி என்ற புதுவகை நுண்ணோக்கி வந்து இறங்கியிருந்தது.

கசடின் தோலில் ஒருவகைப் புரதம் வளையம் வளையமாக அமைந்திருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். ஒளியின் அலைநீளத்தில் பாதியைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் சாதாரண நுண்ணோக்கியில் ஒரே மங்கலாகிவிடும். புதுக் கருவி இதைத் தந்திரமாகச் சமாளித்தது. புரதத்தில் ஒட்டும் சிமிட்டுச்சாயத்தை ஊற்றி லேசரைப் பாய்ச்சினால், சாயத்தின் மூலக்கூறுகள் ஒன்று மாற்றி ஒன்று கண்சிமிட்டும். பத்தாயிரம் படங்கள் எடுத்து, ஒவ்வொரு சிமிட்டலின் நடுப்புள்ளியையும் கணித்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கினால் வளையம் தெளிவாகத் தெரியும்.

கோமகன் இதை மாலை வகுப்பில் கற்றிருந்தான். கற்றதை நம்பத்தான் அவனால் முடிவதில்லை. மேசையின் அதிர்வுதாங்கிகளில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். லேசர் சூடேறி நிலைகொள்ளும்வரை காத்திருந்தான். லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தான். கண்ணாடித் தகட்டில் தூவியிருந்த தங்கத் துகள்கள் திரையில் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்தான்; அவை நகர்ந்தால் படம் நகர்கிறது என்று பொருள். நகரவில்லை. பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு பொற்கொடியின் எச்சிலில் சாயத்தைக் கலந்து தகட்டில் விட்டான்.

சுவர்த்திரை இருட்டாக இருந்தது. கசடு எங்கும் இல்லை.

"என்னப்பா, மிஷின் தூங்குதா?" என்றார் சபேசன். சங்க உறுப்பினர், காற்றுக்குழாய்த் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "மாலை வகுப்புல ஸ்விட்ச் போடச் சொல்லித் தரலியா?"

கோமகன் கருவியின் மேல் குனிந்தான். சாயம் கெட்டிருக்குமோ? லேசர் விலகியிருக்குமோ? எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். இருட்டு. இந்த மாதிரி நேரத்துக்கென்றே கருவியோடு ஓர் ஒப்புத்தகடு வந்திருந்தது, உண்மையான கீழ்க்கசடு பூசியது. அதில் ஒளி வந்தால் கருவி சரி. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே, கசடைக் கூடத்துக்குள் வைத்திருப்பதா என்று அருவருத்து, அவனே அதை எரியுலையில் போட்டுவிட்டான்.

வேறு வழியில்லாமல் தன் எச்சிலையே எடுத்தான். அது சுத்தமான எச்சில், இருட்டாகத்தான் இருக்கும். குறைந்தபட்சம் இரண்டு இருட்டையும் ஒப்பிடலாம்.

திரை பற்றி எரிந்தது. வளையங்கள், வளையங்களுக்குள் வளையங்கள், புழுக்கூட்டம்போல நெளிந்து அடைந்த ஆயிரக்கணக்கான உடல்கள்.

"அய்யய்ய!" சபேசன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். "இதைத்தான்யா சொன்னேன். வாயா அது, சாக்கடை! அவளை முதல்ல கீழ அனுப்பு."

"சார்... இது என்னுது."

"என்ன உன்னுது?"

"எச்சில்."

சபேசன் காலையில் அவன் வீட்டில் குடித்த காபியை நினைத்தவர்போல வாயைத் துடைத்துக்கொண்டார். "எங்கெல்லாம் போய் வாய வச்சடா நீ?"

"தள்ளு, என்னுதைப் போடு," என்று எழுந்தாள் அகிலாண்டம். "நல்ல வாய் எப்படி இருக்கும்னு இவங்களுக்குக் காட்டுறேன்."

அவளுடையது கோமகனுடையதைவிடப் பிரகாசமாக இருந்தது. அடுத்து சபேசனைப் பார்த்தார்கள். அவர் வாய் வறண்டிருப்பதாகச் சொன்னார்.

கோமகன் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தான். வாயைக் கொப்பளிக்கக் கொப்பளிக்க, கொப்பளிக்கிற தண்ணீரும் அருவருப்பாக இருந்தது. அங்கே நின்றபோதுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. கீழ் வளையத்தார் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் புறஊதாக்கதிர் வாசலில் நின்று, மருந்துநீரால் வாய் கொப்பளித்தாக வேண்டும். சங்கம் போட்ட விதி. மேலே இருப்பவர்கள் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அதைச் செய்ததில்லை. நாம் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்டவன் அவன்தான். துடைத்துத் துடைத்துக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. கசடுக்கு இந்தக் கிரகத்தில் இருந்த ஒரே வீடு ஏழாம் வளையத்து வாய்கள்.

அப்படியானால் பொற்கொடிக்கு வீடு உண்டு. சபைக்கு ஆதாரம் இருக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று கூடத்துக்குத் திரும்பினான்.

இருவரும் திரைக்குக் கிட்டே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு ஒழுங்கு பாருங்க," என்றார் சபேசன். "புள்ளி வச்சுக் கோலம் போட்டாப்ல."

"இதைப் போய்க் கசடுன்னு எவன் பேர் வச்சான்?" என்றாள் அகிலாண்டம். "தம்பி, இது நம்ம வளையத்து அடையாளம். வளையமணின்னு எழுதிக்க."

"அம்மா, அந்தப் பொண்ணுகிட்ட இது இல்லையே..."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட."

அகிலாண்டத்தின் முகம் சுருங்கியது. மறுபடி முந்தானை மூக்குக்குப் போனது. "சீ! உசுரே இல்லாத வாயா? பொணம் மாதிரி. அதையா நம்ம காத்துக்குள்ள விடச் சொல்ற?"

அவன் வாசலுக்குப் போனான். அகிலாண்டமும் பின்னால் வந்தாள். பொற்கொடி வாசலுக்கு வெளியே நிமிர்ந்து நின்றாள்.

"எங்கிட்ட கசடு இருக்குதாங்க சார்?"

"இல்லம்மா."

"அப்போ வீடு?"

"அதான்மா சிக்கல். எங்ககிட்ட இருக்கிறது உங்கிட்ட இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். ஏதோ கேலி செய்கிறான் என்று நினைத்தாள் போலும். பிறகு வாசலில் அடுத்தவருக்காக வைத்திருந்த வேறொரு கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். "அவ்ளோதானே? இதுல துப்பிக் குடுங்க சார். பூசிக்கிட்டு வரேன். எம் பொண்ணுக்கும் பூசிடறேன். அவளுக்கு மூச்சு வந்தாப் போதும்."

"சீச்சீ!" என்றான் கோமகன், யோசிப்பதற்குள்.

"அதெல்லாம் பூசிக்கிட்டு வர்றதில்லடி," என்றாள் அகிலாண்டம். "பொறப்புல வரணும்."

பொற்கொடி கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் போன பிறகு கோமகன் கிருமிநாசினியும் துணியும் எடுத்துவந்து அவள் நின்ற இடத்தில் குனிந்தான். அங்கே துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று இந்த வளையத்தில் மற்ற எவரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கணம் தயங்கினான். பிறகு, வழக்கத்தைவிட அழுத்தியே துடைத்தான்.