சோதனைப் பிள்ளையின் எடை

சோதனைப் பிள்ளைக்கு இருநூறு கிராம் எடை கூடியிருந்தது.

குழந்தைகள் மருத்துவமனையின் பதிவறையில் வேலை பார்ப்பவள் அவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படி ஒரு பிள்ளையே உலகத்தில் கிடையாது. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறுகிறோம் என்று மூன்று வாரமாக எல்லார் உயிரையும் வாங்கினார்களே, அப்போது ஒத்திகை பார்ப்பதற்காக அவளே உண்டாக்கிய பொய்ப் பதிவு அது. புதியது மகா பிடிவாதம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பாய்ச் சீறும். சலித்துப்போய், தன் நான்கு வயது மகள் சிட்டுவின் பதிவை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் 'சோதனை' என்று மாற்றினாள். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம் என்றிருந்தாள். அழிக்கும் பொத்தானைத்தான் புதியதில் வைக்க மறந்திருந்தார்கள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டால் அரை மணி நேரம் இசை. அப்புறம் ஒரு பொறியாளர்.

"மேடம், ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"மூணு வாரமா அதத்தான் சார் பண்றேன். இனி என்னத்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்."

மறுநாள் இன்னும் முந்நூறு கிராம். எடை அறையில் இரண்டு எடை மேடைகள் உண்டு. பிள்ளையின் பதிவு எண்ணைத் தட்டி ஏற்றினால், எடை தானாகப் பதிவுக்குப் போய்விடும். அங்கிருந்த நர்ஸிடம் கேட்டாள்.

"நான் யாரையும் ஏத்தலடி. புது மிஷினு, காத்தடிச்சாலும் கிலோ காட்டுது," என்று அலுத்துக்கொண்டாள் நர்ஸ்.

அன்று மாலை சிட்டுவுக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஓடி வந்தால் மரத்தரை தடதடக்கும், அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும், கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டுவார். அப்படிப்பட்ட பிள்ளை கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டபோது ஒரு சின்னச் சத்தம்கூட எழவில்லை. தூக்கினாள். தலையணையைத் தூக்குவதுபோல் இருந்தது. உச்சி முகர்ந்தால் பிள்ளை வாசனை இல்லை, சூடேறிய பிளாஸ்டிக் நெடி.

"நல்லாத்தானே சாப்பிடுறா," என்றான் கணவன்.

வெள்ளிக்கிழமை மதியம் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. 'இரட்டைப் பதிவு. ஒன்று நான்கு மணிக்கு நீக்கப்படும்.' கீழே இரண்டு பெயர்கள்: சிட்டுவுடையது, சோதனை.

உதவி எண்ணைத் தட்டினாள்.

"எத சார் நீக்கும்?"

"கடைசியா எதுல எடை பதிவாச்சோ அத வச்சுக்கும் மேடம். மத்தது போயிடும்."

"போயிடும்னா?"

"இருந்த தடயமே இருக்காது. கவலையே படாதீங்க."

அடுத்த அழைப்பு கணவனுக்கு.

"என்னங்க, பாப்பாவ உடனே கூட்டிட்டு வாங்க."

"தூங்குறாம்மா."

"தூக்கிட்டு வாங்க!"

மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்து சேர்ந்தான். எடை அறையில் கிருமிநாசினி நெடி. குளிரூட்டியின் இரைச்சல். சிட்டுவின் எண்ணை அவளே தட்டினாள். இருமுறை சரிபார்த்தாள். மகளை மேடையில் நிறுத்தினாள்.

பூஜ்யம்.

இறக்கினாள். ஏற்றினாள்.

பூஜ்யம்.

"நான் நேராத்தாம்மா நிக்கிறேன்," என்றாள் சிட்டு.

பக்கத்து மேடையில் விளக்கு எரிந்தது. அதில் யாரும் இல்லை. பதினைந்து. பதினைந்தரை. சும்மா நிற்கத் தெரியாத பிள்ளை ஏறினால் எண் துள்ளுமே, அப்படித் துள்ளியது. பிறகு நின்றது. 'பதிவாயிற்று' என்று ஒரு மணியோசை.

நான்கு மணி.

"அவ்வளவுதானா? இதுக்கா தூக்கத்துல எழுப்பச் சொன்ன?" சிரித்தபடி பக்கத்துக் காலி மேடைக்கு முன் குனிந்தான் கணவன். "வாடி செல்லம், போலாம்."

எதையோ அள்ளினான். பாரத்தில் கைகள் தாழ்ந்தன. தோளில் சாய்த்துக்கொண்டான். அங்கே சட்டை கசங்கியது, ஒரு சின்னப் பிடியளவு. நடந்தான்.

"அப்பா," என்றாள் சிட்டு.

அவன் திரும்பவில்லை.

நர்ஸ் ஈரத்துணியோடு வந்து சிட்டு நின்ற மேடையைத் துடைத்தாள். முழுவதும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. துணி சிட்டுவின் கணுக்கால்களை ஊடுருவி, அந்தப் பக்கம் வந்தது.