நாற்பது சார்ஜர்... ஒரு பிணம்!

சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலி காலி.

அதில் உட்கார வேண்டியவர் வீட்டின் பின்பக்கம், கடலைப் பார்த்த கருங்கல் மேடையில், வெள்ளைத் துணிக்குக் கீழே படுத்திருந்தார். பெயர் தர்மராஜ். கேளம்பாக்கத்தில் டூர் கம்பெனி முதலாளி.

காலி நாற்காலிக்கு வலது பக்கம், அவர் மனைவி சம்பூர்ணம். அழுது அழுது கண் இரண்டும் சிவந்திருந்தன.

இடது பக்கம், டூர் கைடு சுஹைப். நகத்தைக் கடித்துக் கொண்டிருந்தான். இனிக் கடிக்க நகம் மிச்சமில்லை!

எதிர்க் கோடியில், கம்பெனிக்குச் சாமான் வாங்கிப் போடும் சுராயா.

மேஜை நடுவே மூன்று சார்ஜர்கள்.

வாசலில் போலீஸ் ஜீப்.

"மத்தியானம் யார் யாரு எங்க குந்தினு இருந்தீங்களோ, அங்கயே குந்துங்க. ஒருத்தரும் நகரக் கூடாது!" என்றாள் இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி.

அவள் மட்டும் நகர்ந்து கொண்டே இருந்தாள். மேஜையைச் சுற்றி ஒரு நடை... ஜன்னல் வரைக்கும் ஒரு நடை...

மாமல்லபுரத்துக் கடற்காற்று மொட்டை மாடிக் கதவைப் போட்டு அறைந்தது.

டமால்!

சுராயா திடுக்கிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் விட்டிருக்கும். படூர் வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும். மகள் ஷஃபானா சாவிக்காக வாசலில் நிற்பாள். போன் செய்யலாமென்றால், எல்லோருடைய போனையும் பிடுங்கி மேஜை மேல் வரிசையாக அடுக்கி விட்டார்கள்.

"பொணத்த முதல்ல பார்த்தது யாரு?"

கதவோரம் நின்ற தோட்டக்காரி முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். எடுத்தாள்.

"நாந்தாம்மா... டீ வெக்கற நேரம். காஞ்ச ஓலை பொறுக்கலாம்னு பின்னால போனேன். மொதலாளி கல்லு மேல குப்புறக் கெடந்தாரு. ஐயோ, இன்னாடா இதுன்னு போட்டேன் பாரு ஒரு கூச்சலு... கடலுக்கே கேட்டிருக்கும்!"

"மேலருந்து வுழுந்தாரா?"

"நான் பாக்கலம்மா. மொட்டை மாடி கைப்புடிச் சொவரு என் இடுப்பு உயரம் கீது. தானா வுழ மாட்டாரு."

"அதான் எனக்கும் தோணுது." ஜோதிலட்சுமி சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. எதுக்கு எல்லாரும் இந்தப் பீச் வூட்டுக்கு வந்தீங்க?"

"நாளைக்கு துபாய் டூருங்க. நாப்பது பேரு. ஆளுக்கு ஒரு சார்ஜர் அன்பளிப்பா குடுக்கறது எங்க கம்பெனி வழக்கம். எதக் குடுக்கறதுன்னு பேச வந்தோம்..." சம்பூர்ணம் விசும்பினாள். "சாப்ட்டு முடிச்சதும் அவரு மொட்டை மாடிக்குக் காத்து வாங்கப் போனாரு. நான் அதோ அந்தச் சோபாவுல கண்ண மூடினேன். மாடிப் பக்கமே போகல. அப்புறம் அவரு முகத்தப் பார்த்தது... பொணமாத்தான்!"

"நீ?"

"வாசல்ல வேன் நிக்குது பாருங்க மேடம், அதுல ஏசியப் போட்டுத் தூங்கிட்டேன்," என்றான் சுஹைப். "சாட்சிக்கு ஆளு இல்ல. கொசு மட்டும்தான்."

"ஜோக்கா? பொணத்துக்குச் சிரிப்பு வராது. நீ?"

சுராயா நிமிர்ந்தாள். "நான் மாடி ரூம்ல மத்தியான லுஹர் தொழுதுக்கிட்டு இருந்தேன் மேடம்."

"மொட்டை மாடிக்கு அந்த ரூம் வழியாத்தானே போவணும்?"

"ஆமா."

"அப்ப உன்னைத் தாண்டித்தான் தர்மராஜ் போயிருப்பாரு."

"போனாரு. காலடி கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு காலடியும் கேட்டுச்சு..."

"யாரு?"

"பாக்கல. அப்புறம் கடல் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல."

"பாக்கலையா! முதுகுக்குப் பின்னால ஒரு ஆள் போவுது. நீ திரும்பிக்கூடப் பாக்கல?"

"தொழுகையில திரும்ப மாட்டோம் மேடம். மேற்கே பார்த்து நின்னேன். மாடிப்படி கடல் பக்கம், கிழக்கே."

"வாஸ்தவம் மேடம்," என்றான் சுஹைப். "கூரை இடிஞ்சாலும் தொழுகைய முடிச்சு ஸலாம் குடுத்துட்டுத்தான் திரும்புவாங்க."

"எல்லாம் நடிப்பு!" சம்பூர்ணம் வீறிட்டாள். "காலைல அவரு இவளத் திட்டினாரு. நானும் துபாய் வரேன்னு கேட்டா. வேணாம், ஆபீஸப் பாருன்னுட்டாரு. அந்த ஆத்திரம்! மாடில இருந்தது இவ ஒருத்திதான்! என் தாலிய அறுத்தவ இவதான்!"

சுராயாவுக்குக் காதில் இரைச்சல். கடலா, ரத்தமா, தெரியவில்லை.

ஜோதிலட்சுமி நடையை நிறுத்தினாள்.

அது இன்னும் பயமாக இருந்தது!

"ஜோஷ்வா! ஜீப்புல இடம் பண்ணு. இந்தம்மாவ ஸ்டேஷனுக்கு இட்டுனு போவணும்."

"சரிங்க மேடம்!" என்றான் கான்ஸ்டபிள் ஜோஷ்வா.

"மேடம், ஒரு நிமிஷம்! எம்பொண்ணு வாசல்ல நிப்பா..."

"ஸ்டேஷன்லருந்து ஆள் அனுப்பலாம். எழுந்திரு." கிளம்பும் அவசரத்திலும் அவள் கண் மேஜை மேல் போனது. "கடைசில எந்தச் சார்ஜர்னு முடிவாச்சு?"

"இது மேடம்." சுராயா நடுவிலிருந்த வெள்ளைச் சார்ஜரைக் காட்டினாள். "நாலு ஓட்டை. மூணு சி-டைப், ஒண்ணு பழைய மாதிரி. முள்ளு மடங்கும். துபாய்ல சுவத்துல மூணு சதுர ஓட்டை, அதுக்கு மாட்டற முள்ளும் கூடவே வருது. முக்கியமா, லேசு. கைப்பை ஏழு கிலோவத் தாண்டினா விமானத்துல தகராறு பண்ணுவாங்க."

"இந்தச் சின்னது?"

"ரெண்டே ஓட்டை. ஆளுக்கு ஒரு போன், ஒரு வாட்ச், ஒரு பவர் பேங்க். ஒண்ணு பட்டினி கெடக்கும்."

"இந்தச் செங்கல்லு?"

கறுப்பாக, நீள வயரோடு, ஆறு ஓட்டையோடு ஒன்று கிடந்தது. செங்கல் என்றால் செங்கல்லேதான்!

"அது நான் சொன்னது மேடம்," என்றான் சுஹைப். "ஆறு ஓட்டை! கனமா இருந்தாத்தானே சரக்கு நல்ல சரக்கு? எங்க வூட்ல குக்கர்கூட அப்படித்தான் வாங்குவோம்."

"குக்கர எவன்டா கைப்பைல வெச்சுப்பான்?"

"மொதலாளியும் அதையேதான் கேட்டாரு மேடம். 'பயணம் போறவன் கைல பாரம் குடுக்காதடா'ன்னு சொல்லி, சோத்துக் கையாலயே வெள்ளையத் தொட்டு, 'இதுதான், பேச்சு முடிஞ்சுது'ன்னுட்டாரு. இனிமே ஜாமான் கட்டற வேலையும் சுராயாதான் பாக்கணும்னாரு."

"அதுக்கு முன்ன யாரு கட்டினது?"

"சம்பூர்ணம் அக்காதான். எப்பவும் அக்காதான்."

அப்போது...

மேஜை மேல் ஒரு போன் அலறியது!

எல்லோரும் துள்ளினார்கள்.

சுராயாவின் போன். ஷஃபானாவோ? எட்டிப் பார்த்தாள். இல்லை. 'கிஃபாயத் பாய்'.

"யாரு?"

"கிஃபாயத்துல்லா பாய். செங்கல்பட்டு பஜார்ல மொத்தக் கடை. சாம்பிள் சார்ஜர் மூணும் அவர் குடுத்ததுதான்."

சம்பூர்ணத்தின் அழுகை பாதியில் நின்றது. கை நீண்டது. "துக்க வூட்ல யாவாரம் என்ன? கட் பண்ணு!"

"கைய எடுங்கம்மா," என்றாள் ஜோதிலட்சுமி. சுராயாவைப் பார்த்தாள். "பேசு. ஸ்பீக்கர்ல. இங்க நடந்தது எதையும் சொல்லாத."

சுராயா விரலால் தொட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்..."

"வ அலைக்கும் ஸலாம். ஏம்மா சுராயா, இன்னாம்மா உங்க ஆபீஸு! நீ காலைல அநேகமா வெள்ளை நாலு ஓட்டையத்தான் எடுப்போம்ன. நான் அத எண்ணி எடுத்து வெச்சேன். இப்ப கறுப்பு ஆறு ஓட்டை நாப்பதுன்னு ஆர்டரு மாத்தறீங்க. பேஜாரு புடிச்ச வேலைம்மா இது!"

"யாரு பாய் மாத்தினது?"

"உங்க மொதலாளியம்மாதான்! பள்ளிவாசல்ல லுஹர் தொழுதுட்டு வந்து சோத்துல கை வெச்சேன். போனு. 'நான் சம்பூர்ணம் பேசறேன், கறுப்புதான் வேணும், இன்னிக்கே வேணும்'னாங்க. தர்மராஜு அண்ணாத்தைக்குக் கனமான ஜாமான் புடிக்காதேன்னு கேட்டேன். 'அவரு இனிமே குறுக்க வர மாட்டாரு'ன்னாங்க. சரி, கேளம்பாக்கத்துக்கு அனுப்பவா, பீச் வூட்டுக்கு அனுப்பவா? வண்டிக்காரன் நின்னுகினு கீறான்."

"அப்புறம் சொல்றேன் பாய்."

போன் அடங்கியது.

மாடிக் கதவு விடாமல் அறைந்து கொண்டிருந்தது.

ஜோதிலட்சுமி சம்பூர்ணத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"அவரு குறுக்க வர மாட்டாருன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அ... அது... அவரு ஒத்துக்கிட்டாரு. கறுப்பே வாங்கிக்கோன்னாரு. அதத்தான் சொன்னேன்!"

"எப்ப ஒத்துக்கிட்டாரு?"

"சாப்ட்டப்புறம்தான்."

"அக்கா," என்றாள் சுராயா. வார்த்தை நேராக வந்தது. "சாப்ட்ட கை காயறதுக்குள்ள அவரு மாடிக்குப் போயிட்டாரு. நீங்க சோபாவ வுட்டு எழுந்திருக்கவே இல்லன்னீங்க. அப்புறம் அவரு முகத்தையே பாக்கலன்னீங்க. அப்ப எங்க வெச்சு ஒத்துக்கிட்டாரு?"

சம்பூர்ணத்தின் கண் மாடிக் கதவுக்குப் போனது.

"மாடிலயா?" என்றாள் ஜோதிலட்சுமி மெல்ல.

"மாடில... இல்ல... வந்து..."

"மேடம்!" சுஹைப் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். "ஒரு சார்ஜருக்காகப் புருசனத் தள்ளுவாங்களா? எனக்கே தலை சுத்துது!"

"எனக்கும்தான் சுத்துச்சு." சுராயா சம்பூர்ணத்தின் கைகளையே பார்த்தாள். "அக்கா, மத்தியானம் நாங்க மூணு பேரும் அடிச்சுக்கிட்டோம். எத்தனை ஓட்டை, எவ்வளவு வாட்ஸ், ஒரே நேரத்துல நாலையும் மாட்டினா சூடாகுமா... நீங்க ஒண்ணும் கேக்கல. விலைகூடக் கேக்கல. ஒவ்வொண்ணா உள்ளங்கைல வெச்சு, கண்ண மூடி, கனம் மட்டும் பார்த்தீங்க. நகைக் கடையில பாக்கற மாதிரி."

"பார்த்தா? அது ஒரு குத்தமா?"

"போன டூர்லயும் கறுப்புதான் குடுத்தோம். கடைசி நாள் ஓட்டல்ல, 'கம்பெனி செக்கிங்'னு சொல்லி எல்லார் சார்ஜரையும் வாங்கி வெச்சுட்டு, காலைல திருப்பிக் குடுத்தீங்களாம். நம்ம ஏர்போர்ட்ட வுட்டு வெளிய வந்ததும், புதுசு தரோம்னு மறுபடி வாங்கிக்கிட்டீங்களாம். பயணி ஒருத்தர் போன் பண்ணித் திட்டினாரு. அன்பளிப்ப எவளாவது ரெண்டு தடவை திருப்பி வாங்குவாளான்னு! நான் அவரு வாயத்தான் தப்பா நெனச்சேன்."

ஜோதிலட்சுமியின் புருவம் ஏறியது. "ஜோஷ்வா, இந்தம்மா பைய எடு!"

"அதுல பொம்பள துணி கீது!" சம்பூர்ணம் பாய்ந்தாள்.

ஜோஷ்வா முந்திக் கொண்டான். பைக்குள் புடவை. புடவைக்குள் துண்டு. துண்டுக்குள்... போன டூர் ஸ்டிக்கரோடு ஒரு கறுப்புச் சார்ஜர்!

ஜோதிலட்சுமி அதைச் சுவரில் மாட்டினாள். தன் போனைச் செருகினாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஓட்டை. ஒன்றும் ஆகவில்லை. ஆறையும் பார்த்துவிட்டாள்.

"ஆறு ஓட்டை கீது. ஒரு சொட்டுக் கரண்ட் இல்ல. இதத் தூக்கினு துபாய்க்குப் போய் வந்தவன் பாவம்டா!"

ஜோஷ்வா ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். மூடி கழன்றது.

உள்ளே மஞ்சளாக மினுமினுத்தது!

முனியம்மா வாயைப் பிளந்தாள். "யம்மாடி... தங்கம்!"

"அன்னிக்கு ராத்திரி ஓட்டல்ல வாங்கி வெச்சு, இதத்தான் உள்ள திணிச்சிருக்கீங்க. லேசான சார்ஜர்ல இத வெச்சா, சுங்கக்காரன் தூக்கினவுடனே கண்டுபுடிச்சுடுவான்," என்றாள் சுராயா. "கனமான சார்ஜர் கனமா இருந்தா எவனும் கேக்க மாட்டான். மாட்டினாலும் பயணிதான் மாட்டுவாரு. நாப்பது பேரும் நம்மள நம்பி வந்தவங்க அக்கா..."

சம்பூர்ணத்தின் முகத்திலிருந்து அழுகை கழன்று விழுந்தது. அடியில் வேறு முகம் இருந்தது.

"எத்தினி தடவை சொன்னேன் அந்த மனுசன்கிட்ட!" பல்லைக் கடித்தாள். "நீ பிளேன் டிக்கெட்ட மட்டும் பாரு, ஜாமான என்கிட்ட வுடுன்னு! மாடில போய்க் கெஞ்சினேன். 'ஏன்டி கறுப்புலயே நிக்கற'ன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாரு. சொன்னேன். போலீசுக்குப் போறேன்னு போன எடுத்தாரு..."

"தள்ளிட்ட."

"தள்ளினேன்."

"திரும்பி வரும்போது இந்தப் பொண்ணு பாக்குமேன்னு பயமில்ல?"

"அவதான் திரும்ப மாட்டாளே!" சம்பூர்ணம் சுராயாவை வெறித்தாள். "செருப்பக் கைல எடுத்துனு, அவ முதுகுக்குப் பின்னாலயேதான் எறங்கி வந்தேன்."

சுராயா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

ஜீப்பில் பண்ணி வைத்த இடம் வீணாகவில்லை. ஆள் மட்டும் மாறினாள்!

ஜோதிலட்சுமி போனை எடுத்து சுராயாவின் கையில் வைத்தாள். "முதல்ல வூட்டுக்குப் பேசு."

மணி அடித்தது... அடித்தது...

"ம்மா! பக்கத்து வூட்ல கீறேன், தோசை சாப்ட்டுக்கினு. ஒரு தடவையாவது போன் பண்ணக் கூடாதா? சார்ஜ் போட மாட்டியா நீ?"

சுராயா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

சாப்பாட்டு மேஜை போலீஸ் மேஜையானது. ஜோதிலட்சுமி செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். கைப்பற்றிய பொருள், கைப்பற்றிய இடம், சாட்சிகளின் பெயர்... எழுதி, மடித்து, உறையில் போட்டாள். ஜோஷ்வா அரக்கை உருக்கி ஊற்றினான். அவள் முத்திரையை அழுத்தினாள்.

"நேரா செங்கல்பட்டு. வழில டீ கீன்னு நின்ன, தொலைச்சுடுவேன்!"

"சரிங்க மேடம்!" உறையைச் சட்டைக்குள் செருகிக் கொண்டு ஜோஷ்வா பைக்கை உதைத்தான்.

பைக் தென்னை மரங்களுக்கு நடுவே மறையும் வரை பார்த்துக் கொண்டிருந்த சுஹைப் மெதுவாகக் கேட்டான்:

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. பயணத்துக்கு எந்தச் சார்ஜர்தான் நல்லதுன்னு நீங்க சொல்லுங்களேன்."

ஜோதிலட்சுமி தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"பக்கத்து சீட்டுக்காரன் கைல கீது பாரு, அது!"