417 – ஒதுக்கப்பட்டது

அன்று காலை நயினார் படகில் நான்கு மனைவிகளை ஏற்றினான். நான்கும் ஒரே அச்சு. வெள்ளை உடல், வால்பக்கம் இளஞ்சிவப்பு, நீண்ட மஞ்சள் அலகு. கழுத்தை மடக்கி உறையிட்டு அடுக்கினான். தள்ளுகோலுடன் நின்ற பிரமு எண்ணிப் பார்த்தாள்.

"நாலுதானா தம்பி? ஏழு பொண்டாட்டிக்குல்லா சீட்டு வந்துச்சு?"

"மூணு புருசன் அதுக்குள்ள செத்துட்டான் அக்கா."

"ரெண்டு நாள் பொறுக்கத் தெரியாத பயலுவ."

2131ஆம் ஆண்டு, தை மாதம். ஆண்டாங்குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு; அதில் இருநூறு கருவேல மரங்கள்; அவற்றில் மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகள். நாடு முழுவதும் தேடினாலும் ஆறாயிரம் நாரைகள் தேறாது. மீன் கிடைக்கும் நீர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. ஒரு நாரை இரை தேடிப் போனால் மற்றது கூட்டில் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று செத்தால், மிச்சத்தைக் காக்கையும் வெயிலும் முடித்துவைக்கும்.

இதற்காக வனத்துறை கண்டுபிடித்ததுதான் பதிலி. செத்த துணைக்கு ஈடாகக் கூட்டில் நிற்கும் இயந்திரப் பறவை. அதன் வயிற்றில் முட்டைக்கு வேண்டிய சூடு இருந்தது. உச்சி வெயிலில் அது சிறகை விரித்து நிழல் தந்தது. காக்கை வந்தால் அலகைத் தட்டியது. உயிருள்ள நாரைகள் அரை நாளில் அதை ஏற்றுக்கொண்டன. துறை அதில் பெருமைப்பட்டது. பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நயினாருக்குப் புரிந்ததில்லை.

எந்தக் கூட்டுக்குப் பதிலி போக வேண்டும் என்பதை முடிவு செய்வது ஒதுக்கி. அது தலைமையகத்தில் இருந்த கணிப்பொறி. நாரைகளின் காலில் எண் பொறித்த வளையம் உண்டு. ஒதுக்கி அனுமதித்த எண்ணுக்கு அருகில் வைத்தால்தான் பதிலி கண் விழிக்கும். இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

நயினாருக்கு வயது இருபத்தொன்பது. விலங்கியல் பட்டதாரி. பருவப் பணியாளன், வருடத்துக்கு ஐந்து மாதம் வேலை. இது மூன்றாவது பருவம். மனைவி தாயம்மை இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை. மற்றவர்கள் அவனிடம் அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

காதுச்சில்லு முனகியது. ஊரிலிருந்து அவனுடைய அக்கா கோமு.

"ஏல நயினா, ஒரு எடம் வந்துருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு பொருத்தம். வருசம் திரும்புததுக்குள்ள முடிச்சிரணும்லா?"

"படகுல இருக்கேன்."

"எப்பக் கேட்டாலும் படகுலதான் இருக்க. கரை ஏறவே மாட்டியா?"

அவன் சில்லை அணைத்தான். பிரமு கோலை ஊன்றிக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தாறில் புருஷன் போனான். அவளிடம் எந்த இடமும் வந்திருக்கிறதென்று இருபது வருடமாக யாரும் சொன்னதில்லை.

நான்கு பதிலிகளையும் வைத்துவிட்டுத் திரும்பும்போது பிரமு கோலை நிறுத்தினாள்.

"அந்த மெட்டிக்காரியப் பாத்தியா?"

நாரைகளின் வளையத்தை அவள் மெட்டி என்றுதான் சொல்வாள். தாழ்ந்த கிளையில் 417 நின்றது. கீழே நான்கு முட்டைகள். அவை இடப்பட்ட காலைகளில் நயினார் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் ஜோடி மூன்று நாளுக்கு முன் குளக்கரையில் செத்துக் கிடந்தது. 417 அன்று முதல் இரை தேடப் போகவில்லை. அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது.

மணிக்கட்டுப் பலகையில் அன்றைய பட்டியலை நயினார் ஓட்டிப் பார்த்தான்.

417 – துணை இறப்பு – ஒதுக்கப்பட்டது.

"ஒதுக்கியாச்சு அக்கா. நாளைக்கு வந்துரும்."

மறுநாள் வரவில்லை. அரசாங்கக் காரியம் என்று நினைத்துக்கொண்டான். அதற்கும் மறுநாள் 417 பசி பொறுக்காமல் பறந்து போனது. இருபது நிமிடம்தான். காக்கைகளுக்கு அது தாராளம். திரும்பி வந்தபோது கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன.

நயினார் படகிலிருந்தே ஒதுக்கியை அழைத்தான்.

"417க்கு ஒதுக்கின பதிலி எங்கே?"

"417க்குப் பதிலி இல்லை. 417 ஒதுக்கப்பட்டது."

"அதைத்தான் கேட்கிறேன். ஒதுக்கப்பட்டது ஏன் வரவில்லை?"

"எதுவும் வர வேண்டியதில்லை. 417 பெண். துணை இறந்துவிட்டது. ஆகவே ஒதுக்கப்பட்டது."

நயினார் அழைப்பை முடித்தான். பிறகு பழைய பட்டியல்களைத் திறந்தான். துணையிழந்த ஆண் நாரைகள் எழுபத்திரண்டு. எல்லாவற்றுக்கும் நேராக 'ஒதுக்கப்பட்டது'. எழுபத்திரண்டு பதிலிகள் போயிருந்தன. துணையிழந்த பெண் நாரைகள் அறுபத்தொன்று. அவற்றுக்கும் நேராக அதே சொல். ஒரு பதிலிகூடப் போகவில்லை. ஆறு வருடமாக அந்தப் பட்டியலில் பதினான்கு அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தமிழ் தெரியும். மூன்று பருவமாக அவனும்தான் படித்துக்கொண்டிருந்தான்.

படகில் ஏற்றியவை எல்லாம் மனைவிகள் என்று தினமும் கேலி செய்தார்கள். ஒரு புருஷனைக்கூட ஏன் ஏற்றவில்லை என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அவன் சொன்னதும் பிரமு கோலைப் பிடித்தபடியே நின்றாள்.

"பறவைக்குமா?" என்றாள்.

உதவி இயக்குநர் அருணகிரி நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் கடிந்து பேசியதில்லை. எதையும் செய்ததும் இல்லை. மணிக்கட்டுப் பலகையில் அவர் முகம் புன்னகையுடன் தெரிந்தது.

"அதுல ஒரு பெரிய உழைப்பு இருக்கு நயினார். ஒதுக்கியைப் பழக்குறதுக்குப் பறவைத் தரவு பத்தலை. அப்போ நம்ம ஆட்கள் யோசிச்சாங்க. ஜோடி சேர்ந்து நெடுநாள் வாழுற வேறெந்த உயிரினத்தோட பதிவு நம்மகிட்ட இருக்கு? மனுஷன்! நூறு வருஷத் திருமணத் தகவல் மையப் பதிவு மொத்தத்தையும் ஊட்டினோம். பிரமாதமாக் கத்துக்கிச்சு."

"பெண் நாரையை ஒதுக்கி வைக்குது சார்."

"அதுவா வச்சிருக்குன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

"மூணு முட்டை இருக்கு. பதிலி இல்லேன்னா நாளைக்கு ஒண்ணும் இருக்காது."

"முட்டை போட்டாச்சுல்ல? அதோட கடமை முடிஞ்சுது. ஆணை யோசிச்சுப் பாருங்க. பாவம், தனியா என்ன செய்யும்?" அவர் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. "நான் ஒண்ணு கேக்குறேன். இந்த ஆறு வருஷத்துல எந்தப் பெண் நாரையாவது புகார் குடுத்திருக்கா?"

நயினார் இணைப்பைத் துண்டித்தான்.

மஞ்சள்மூக்கு நாரையில் ஆணும் பெண்ணும் ஒரே சாயல். ஆண் ஒரு விரற்கடை அதிக உயரம், அவ்வளவுதான். குஞ்சாக இருக்கும்போது வளையம் மாட்டுகிறவர்கள் அலகை அளந்து குத்துமதிப்பாக எழுதுவார்கள். பிற்பாடு களத்தில் இருப்பவன் திருத்தலாம். நயினாரின் பதவிக்கு இருந்த ஒரே அதிகாரம் அது. அவன் பலகையில் எழுதினான்: 417 – களத் திருத்தம் – ஆண்.

நான்கு நொடியில் பதில் வந்தது. பதிலி அனுப்பப்பட்டது. அவசரம்.

பிரமு எட்டிப் பார்த்தாள். "ஆம்பளையாக்கிட்டியா?"

"ஆமா."

"இருவது வருசத்துக்கு முன்ன எங்க தம்பி போயிருந்த?"

பதிலி பிற்பகலிலேயே வந்தது. எழுபத்திரண்டு ஆண்களுக்குப் போன அதே அச்சு. நயினார் அதைக் கிளையில் நிறுத்தினான். அது கண் விழித்தது, அலகைத் தட்டியது. 417 இரண்டு முறை குத்திப் பார்த்தது. பிறகு விலகி இடம் விட்டது. தான் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையைப் பார்க்க வடக்கே பறந்தது.

மூன்று முட்டையும் பொரிந்தன. 417 நாளுக்கு நான்கு முறை மீனோடு வந்தது. பதிலி வெயிலுக்குச் சிறகை விரித்து நின்றது. மற்றக் கூடுகளில் ஒன்று தேறுவதே அரிது. இங்கே மூன்றும் தேறின. ஒதுக்கி அதைக் கவனித்தது. அதன் வழியாகத் துறை கவனித்தது. துறையின் வழியாக ஊரே கவனித்தது.

பங்குனியில் கோமு அழைத்தாள்.

"செய்தி பாத்தியால? உன் குளத்துலதான். பொண்டாட்டி செத்த ஆம்பள நாரை ஒண்ணு மறுகல்யாணம் பண்ணி மூணு பிள்ளையள வளத்துருக்கு. ஒரு பறவைக்கு இருக்க புத்தி உனக்கு இல்லாமப் போச்சே!"

அவன் வாயைத் திறந்தான். குஞ்சுகள் பறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இப்போது உண்மை வெளிவந்தால் பதிலியின் கண் மூடிவிடும்.

"ஆமாக்கா," என்றான். "புத்தியுள்ள நாரை."

"அந்த எடத்துக்குச் சரின்னு சொல்லட்டா?"

"படகுல இருக்கேன்."

பதின்மூன்றாம் நாள் மூன்றாவது குஞ்சும் பறந்தது. அந்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் விழா வைத்தார்கள். நயினாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிரமுவுக்கு அழைப்பில்லை. ஒரு படகுக்காரி எதற்கு? அருணகிரி ஒலிவாங்கியின் முன் நின்று புதிய ஆணையை வாசித்தார்.

"நம் களப் பணியாளர் நயினார் கண்டறிந்த 417 நமக்கு ஒரு பெரிய பாடம். துணையிழந்த ஆணுக்கு உரிய காலத்தில் ஆதரவு கொடுத்தால் அது என்னவெல்லாம் சாதிக்கும் என்று காட்டியிருக்கிறது. ஆகவே அடுத்த பருவம் முதல், துணையிழந்த ஆண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிலிகள். இந்த ஏற்பாட்டுக்கு 'நயினார் முறை' என்று பெயரிடுகிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நயினார் பொன்னாடையைக் கழற்றி மடித்தான்.

"சார், 417 பெண்."

"என்னது?"

"பெண். நான்தான் மாத்தி எழுதினேன். இல்லேன்னா பதிலி குடுத்திருக்க மாட்டீங்க. பெண்ணுக்குக் குடுத்தாலும் வளர்க்கும். ஆணைவிட நல்லா வளர்க்கும். அறுபத்தொண்ணும் வளர்த்திருக்கும்."

முன் வரிசையில் ஒருவர் இருமினார். அருணகிரி கோபப்படவில்லை. அவனுக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியும். தோளில் கை வைத்தார்.

"நயினார், நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. எட்டு மாசம் தனியா இருந்தா யாருக்குமே..."

"பத்து மாசம். அது முட்டை இட்டதை என் கண்ணால பார்த்தேன் சார்."

"வெயில்ல கண்ணு ஆயிரம் காட்டும். சரி, உங்க திருப்திக்கு ஒதுக்கிகிட்டயே கேட்டுடுவோம்."

கூட்டம் சுவர்த்திரையைப் பார்த்துத் திரும்பியது. அருணகிரி கேட்டார்: 417இன் பாலினம் பற்றிச் சந்தேகம் வந்திருக்கிறது, சரிபார்க்கவும்.

ஒதுக்கி நூறு வருடப் பதிவுகளையும் ஒருமுறை புரட்டியது. ஒரு நொடிகூட ஆகவில்லை. எழுத்துகள் திரையில் வந்தன.

417 – ஆண். உறுதி: தொண்ணூற்றொன்பது விழுக்காடு. காரணம்: துணை இறந்த பிறகும் வாழ்ந்திருக்கிறது.