எர்த்து போட்டியா, அண்ணாத்தே?

கள்ளிக்குப்பம் சமுதாயக் கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டரை மணி. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த பந்தல்காரர் என்னைப் பார்த்ததும், "பாட்டு போடறவரு வந்துட்டாருப்பா!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

என் விசிட்டிங் கார்டில் 'டிஜே கோ-டான், ஒலி உலகச் சக்கரவர்த்தி' என்று அச்சடித்திருக்கும். பெயர் கோதண்டம். வயது ஐம்பத்திரண்டு. தலைக்கு மை, மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி. சக்கரவர்த்தி அன்று வந்திறங்கியது குட்டியானை வண்டியின் பின்னால், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு.

நிச்சயதார்த்தம் சிம்ரனுக்கு. வேம்புலியின் மகள்.

வேம்புலி என் கூட்டாளி. பதினாறு வருஷம் பாட்டு நான் போட்டேன், ஒயர் அவன் போட்டான். "கைதட்டல் எனக்கு, ஷாக் உனக்கு" என்று விளையாட்டாகச் சொல்வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாங்காட்டில், ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில், அந்த விளையாட்டு நிஜமாகிவிட்டது. மைக்கைப் பிடித்தவன் பிடித்தபடியே விழுந்தான்.

"தண்ணி போட்டிருந்தான், ஈரக்கையோட ஒயரத் தொட்டுட்டான்" என்று அன்று முதலில் சொன்னவன் நான். தண்ணி போடுவானா என்றால் போடுவான், ஞாயிற்றுக்கிழமைகளில். அது வியாழக்கிழமை. ஆனால் சலவைச் சட்டை போட்ட ஆள் சொன்னால் ஊர் நம்பும். நம்பியது. அவன் மனைவி பேபியும் நம்பினாள். அவள் வீட்டு வாசலில் நின்று நானும் தேம்பித் தேம்பி அழுதேன். அழுத கையோடு அவனுடைய சவுண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். "இது ரிப்பேரும்மா, உனக்கு இன்னாத்துக்கு" என்று.

டேப்லெட்டின் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி அது. மேலே வெள்ளை டேப்பில் தன் பெயரை எழுதி ஒட்டியிருந்தான். டேப்பைப் பிய்த்துவிட்டேன். பிசின் மட்டும் போகவில்லை. எப்போது தொட்டாலும் விரலில் ஒட்டும்.

இந்த நிச்சயத்துக்கு இலவசமாகப் பாட்டு போடுவதாக நானே வலியப் போய்ச் சொன்னேன். 'மறைந்த நண்பனின் மகளுக்கு என் எளிய காணிக்கை' என்று ஸ்டேட்டஸும் போட்டேன். அறுபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.

கூடத்துக்குள் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். பகலிலும் இருட்டு. பாசி வாசனை. மேடைக்கு மேலே ஓடு ஒழுகி, சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு டேப்லெட்டை நிறுத்தினேன். பெட்டியை அதில் செருகிப் பாட்டைத் தட்டினேன்.

ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. டேப்லெட்டின் சொந்த வாயிலிருந்து கொசு பாடுவது மாதிரி வந்தது.

டேப்லெட் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கழற்றிச் செருகினேன். அணைத்துப் போட்டேன். ஒயரை மாற்றினேன். ஊதிப் பார்த்தேன். முப்பது வருஷ அனுபவம் கடைசியில் ஊதுவதில்தான் வந்து நிற்கும். காரணம் எனக்குத் தெரியாததில்லை. பெட்டிக்குக் கரண்டு போதவில்லை. டேப்லெட்டிடமிருந்து உறிஞ்சப் பார்க்கிறது, அது தர மறுக்கிறது. நடுவில் பல துளையுள்ள ஒரு யூ.எஸ்.பி. ஹப்பை வைத்துச் சார்ஜரைக் கொடுத்தால் பெட்டி எழுந்துவிடும்.

கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கூடவே ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கிளம்பியது.

சார்ஜரைச் செருகினால் இந்த இரைச்சல் வரும். அதற்காகவே வேம்புலி ஒரு பவர் பேங்க் வைத்திருப்பான், சார்ஜரே தொடமாட்டான். என்னிடமும் பவர் பேங்க் இருந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தேன்.

இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்வது, யாரும் சொல்லிக்கொள்ளாதது. ஆம்ப்ளிஃபயரின் மூணு கால் பிளக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் பச்சை ஒயரைக் கழற்றிவிடுவது. எர்த் போய்விடும். இரைச்சலும் போய்விடும். ஆம்ப்ளிஃபயரில் எங்காவது கரண்டு கசிந்தால், அது இறங்க வழியில்லாமல் மைக்கில் வந்து காத்திருக்கும். ஈரக்காலோடு யாராவது மைக்கைத் தொடும்வரை.

மாங்காட்டில் நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மைக்கை எடுப்பதற்கு முன்னால் வேம்புலி வழக்கம்போல மேடையிலிருந்து கேட்டான், "எர்த்து போட்டியா, அண்ணாத்தே?" ஆம்ப்ளிஃபயர் என் மேசையில் இருக்கும் என்பதால் ஒவ்வொரு விழாவிலும் கேட்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

"போட்டாச்சுடா" என்றேன்.

அதற்குப் பிறகும், அவன் மகளின் நிச்சயத்தில், நான் அதே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் எடுத்தேன். விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள், சக்கரவர்த்தியின் ஸ்பீக்கர் உறுமிக்கொண்டிருந்தது, மானம் போய்விடுமே என்ற ஒரே நினைப்பு. பச்சை ஒயரைக் கழற்றி டேப் சுற்றினேன்.

இரைச்சல் நின்றது.

ஹெட்போனை மாட்டினேன். அடுத்த பாட்டை நான் மட்டும் முன்கூட்டிக் கேட்பதற்கு அது. காதில் அமைதி. பிறகு, பெட்டியில் மைக் பக்கத்துச் சின்ன விளக்கு துடித்தது.

அந்தத் துளையில் ஒயரே இல்லை; மேடை மைக்கை நேராக ஆம்ப்ளிஃபயரில் போட்டிருந்தேன்.

மறுபடி துடித்தது. யாரோ மூச்சு விடுவதுபோல, மெதுவாக, ஒரே சீராக.

ஒயரில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைக்கும்போது வருமே, அந்தப் புகை வாசனை வந்தது. வேம்புலியின் சட்டையில் எப்போதும் இருக்கும் வாசனை.

"செக்... செக்..."

ஹெட்போனுக்குள்தான். மிகப் பக்கத்தில்.

"எர்த்து போட்டியா, அண்ணாத்தே?"

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? பதினாறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"போட்டாச்சுடா."

செத்தவனிடமும் அதே பொய்.

விளக்கு அணைந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கேபிள் லூஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா சாமுண்டீஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்ததும் ஊருக்கே கேட்கிற ரகசியத்தில் ஆரம்பித்தார். "பொண்ணு நல்லாத்தான் கீது. அப்பன் குடிச்சிட்டு கரண்டுல உழுந்து செத்தவனாமே. அந்த ரத்தம் எங்க போவும்?"

தாம்பாளத்தோடு வந்த பேபி அப்படியே நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். இரண்டு வருஷமாக இப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறாள் என்று அந்த நடையிலேயே தெரிந்தது. எனக்கும் கேட்டது. நான் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

சிம்ரனுக்கும் கேட்டிருக்க வேண்டும். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, விறுவிறுவென்று மேடையேறினாள். செருப்பில்லை. பலகையில் ஓட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அங்கிள், பாட்டை நிறுத்துங்க. எங்கப்பாவப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

பாட்டை நிறுத்தினேன்.

மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து குரல் வந்தது.

"எர்த்து போட்டியா?"

சிம்ரன் மைக் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். இரும்பு ஸ்டாண்டு. இரும்பு மைக்.

"போட்டியா?"

ஈரத்தில் அவள் கொலுசு சளக் சளக்கென்றது.

"அண்ணாத்தே!"

கையை நீட்டினாள்.

என் உடம்பு இவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே தெரியாது. மேசையைத் தாண்டி விழுந்து, சுவரிலிருந்து பிளக்கை ஒயரோடு பிடுங்கினேன். ஆம்ப்ளிஃபயர் அணைந்தது. ஸ்பீக்கர் அணைந்தது. கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வேட்டி வேறெங்கோ.

கூடமே சிரித்தது. "இன்னாம்மா, இந்த ஆளும் தண்ணியா?" என்றார் சாமுண்டீஸ்வரி.

கரண்டு இல்லை. பிளக் என் கையில் இருந்தது.

அப்போதுதான் இரண்டு ஸ்பீக்கரிலும் அந்தக் குரல் வந்தது. சத்தமாக இல்லை. வேலை செய்துகொண்டே கேட்கிறவனின் சாதாரணக் குரல்.

"இன்னா அண்ணாத்தே, எர்த்து போட்டியா?"

சிரிப்பு நின்றது. பேபியின் கையிலிருந்து தாம்பாளம் விழுந்து சுழன்று அடங்கியது.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"போடலடா."

கையிலிருந்த பிளக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னிக்கும் போடல. அன்னிக்கும் போடல. நீ கேட்டே, நான் போட்டாச்சுன்னு பொய் சொன்னேன். நீ குடிக்கல. அதையும் நான்தான் கட்டிவுட்டேன்."

ஸ்பீக்கரில் ஒரு நீண்ட மூச்சு. அவ்வளவுதான்.

நம்பாதவர்களும் இருந்தார்கள். பந்தல்காரர் எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டு, பிளக்கை மறுபடி செருகி, டெஸ்டரை மைக்கில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

சிம்ரன் என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எங்க ஊட்டாண்ட வந்து அழுதீங்களே, அங்கிள்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பேபி கையை நீட்டினாள். "அவரு பொட்டியக் குடுண்ணா."

கொடுத்தேன். பிசின் என் விரலைவிட்டு மெதுவாகத்தான் பிரிந்தது. நிச்சயம் பாட்டில்லாமலே நடந்தது. சாமுண்டீஸ்வரி தட்டு மாற்றும்வரை வாயே திறக்கவில்லை. மறுநாள் பேபி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். நானும் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.

ஜாமீனில் வந்ததும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டேப்லெட் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். விசிட்டிங் கார்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். சக்கரவர்த்தி நன்றாக எரிந்தார். எலக்ட்ரீஷியனை வரவழைத்து வீடு முழுக்க எர்த் சரிபார்த்தேன். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் பச்சை ஒயர் பத்திரமாக இருக்கிறது.

வாங்க ஆளில்லாமல் மிஞ்சியது ஹெட்போன் ஒன்றுதான். சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதன் ஒயர் எதிலும் செருகப்படவில்லை. மிக்ஸியைச் செருகினால் ஹெட்போனிலிருந்து கேள்வி வரும். "போட்டிருக்கேன்டா" என்பேன். அடங்கிவிடும். அதற்குப் பழகிவிட்டேன்.

நேற்று மத்தியானம் செல்போன் சார்ஜரைச் செருகினேன்.

"எர்த்து போட்டியா, அண்ணாத்தே?"

"இந்த பிளக்குக்கு ரெண்டே கால்தான்டா. எர்த்தே கெடையாது" என்றேன்.

அடங்கவில்லை. சால்டர் வாசனை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன்.

ஹெட்போனுக்குள் இன்னும் மூச்சு கேட்கிறது. பதிலுக்காகக் காத்திருக்கிறான்.