பாலத்தில் கேட்ட குரல்

காலை 6:40.

தலைமை ஆசிரியரைக் கண்டுபிடித்தது வழிகாட்டிதான். அருவியின் மேல் விளிம்பிலிருந்து மூன்று ஆள் உயரம் இறங்கினால் ஒரு பாறைத் தட்டு உண்டு. அதில் பச்சை மழைக்கோட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தபோது களைப்பாறுகிறவர் மாதிரிதான் தெரிந்தது. "பெரியவர் நம்மளை என்ன பாடு படுத்திட்டார்!" என்று வழிகாட்டிக்குச் சிரிப்புகூட வந்தது. கிட்டே போய்க் கையைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. துண்டைக் கிழித்து, இரண்டு பக்கமும் குச்சியை அண்டக் கொடுத்து, அவரே ஒழுங்காகக் கட்டுப் போட்டிருந்தார். கட்டுப் போட நேரம் இருந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்க்கவும் நேரம் இருந்திருக்கும்.

வழிகாட்டி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டான். முந்தின நாள் மாலை நாலே முக்காலிலிருந்து இருட்டும் வரைக்கும் பதினெட்டுப் பேர் இந்த மனிதரைத் தேடினார்கள். அத்தனை பேரும் பாலத்துக்கும் மலையடி வாசலுக்கும் நடுவில்தான் தேடினார்கள். கீழே எங்கேயும் ஆள் கிடைக்காமல் இன்று விடிகாலையில் அவன் ஏறி வரும்வரை, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர்கூட வரவில்லை. "மேலே போகவேண்டாம், அவர் பாலம் தாண்டிட்டார், என் காதால கேட்டேன்" என்று அடித்துச் சொன்னவன் அவன்தான்.

காலை 9:15.

மலையடியில் நடைப்பயண அலுவலகம். ஒரே அறை. சுவரில் பாதையின் வரைபடம், ஆணிகளில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும் பச்சை மழைக்கோட்டுகள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வெளி வராந்தாவில் தலைமை ஆசிரியரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி.

இன்ஸ்பெக்டர் அம்மா மெலிந்த உடம்புக்காரர். வளவளவென்று பேசுவது அவருக்கு ஆகாது.

"டாக்டர் குத்துமதிப்பா சொல்லிட்டார். நேத்து ராத்திரி ஏழு, ஏழரை வரைக்கும் உயிர் இருந்திருக்கு. குளிரும் ரத்தப்போக்கும்தான் கொண்டுபோயிருக்கு. சீக்கிரம் தூக்கிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்."

வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் போன்ல கடைசியா ஒரு படம் இருக்கு. மேல் விளிம்பில நின்னு எடுத்தது. நேரம் மூணு பன்னிரண்டு. பாலத்துல நீங்க ஆள் எண்ணினது எப்போ?"

"மூணு பத்து, மேடம்."

"விளிம்புக்கும் பாலத்துக்கும்?"

"அரை மணி நடை."

"அப்போ பாலத்துல அவருக்குப் பதிலா வேற யாரோ குரல் குடுத்திருக்காங்க. முதல்லேருந்து சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

அவன் சொன்னான். ஆறு பேர் கொண்ட குழு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஒன்றும் இரண்டும் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. மூன்று, ஒரு பல் டாக்டரம்மா. நான்கு, வராந்தாவில் இருக்கிற மைத்துனன். ஐந்து, தலைமை ஆசிரியர். ஆறு, அவருடைய சிநேகிதர் வக்கீல். வழியில் அங்கங்கே நின்று அவன் எண்ணைக் கூப்பிடுவான், அவரவர் பதில் சொல்ல வேண்டும்.

"காலைல எட்டு மணிக்கு முதல் தடவை கூப்பிட்டேன். மத்தவங்க 'இருக்கேன்'னாங்க. இவர் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு 'உள்ளேன் ஐயா'ன்னார். 'முப்பது வருஷமா பசங்க சொல்லிக் கேட்டிருக்கேன், இன்னிக்கு நான் சொல்லிப் பாக்கறேன்'னு சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். ஒன்பதே முக்காலுக்கும் அதேதான். பதினொன்றரைக்கும் அதேதான்."

"அப்புறம்?"

"பன்னிரண்டு ஐம்பது, சாப்பாட்டு நேரம். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, பாறை மறைவுல. இவர் மேல் விளிம்புக்குப் போகணும்னு கேட்டார். கயிறு கட்டித் தடுத்திருக்கு, கூடாதுன்னுட்டேன். வருத்தப்பட்டார். அப்போ எண்ணைக் கூப்பிட்டேன். இந்த வயசுக்காரர் என்னை ஐயான்னு கூப்பிடறது கூச்சமா இருக்குன்னு சொன்னேன். 'சரி, உள்ளேன் தம்பி'ன்னார். மைத்துனர் உடனே அவர் குரல்லயே 'உள்ளேன் தம்பி, உள்ளேன் தம்பி'ன்னு சொல்லிக் காட்டினார். டாக்டரம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. வக்கீல் மட்டும் அங்க இல்ல. கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகைக்குள்ள உடை மாத்திக்கிட்டிருந்தார். கதவைத் தட்டினேன், உள்ளேருந்து பதிலுக்குத் தட்டினார்."

"கிளம்பும்போது?"

"ரெண்டு நாப்பது. அருவி இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. கண்ணால பாத்தே எண்ணினேன். ஆறு பேரும் இருந்தாங்க. நல்ல மழை. எல்லாரும் தலைவரைக்கும் கோட்டை இழுத்துவிட்டு ஒத்தை வரிசையா வந்தாங்க. நான் முன்னாடி. அடுத்து ஜோடி, டாக்டரம்மா, மைத்துனர். கடைசியா வக்கீலும் இவரும்."

"பாலத்துல?"

"நான் பாலத்துக் கயிறு முடிச்சைப் பாத்துக்கிட்டே எண்ணைக் கூப்பிட்டேன். அஞ்சுன்னேன். பின்னாலேருந்து 'உள்ளேன் ஐயா'ன்னு தெளிவா கேட்டுது."

"திரும்பி முகத்தைப் பாத்தீங்களா?"

வழிகாட்டி ஆணியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தான். குரல் கேட்டால் போதாது, முகம் பார்த்துத்தான் எண்ணவேண்டும் என்று அவனுடைய உரிமத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. பதினோரு வருஷப் பிழைப்பு அந்த ஒரு அட்டையில்தான் இருக்கிறது.

"பயங்கர மழை, மேடம். கண்ணே தெரியல" என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தார். எழுதவில்லை. அந்தப் பார்வையில் வழிகாட்டிக்கு நாக்கு தன்பாட்டுக்குப் புரண்டது.

"மைத்துனர் எந்தக் குரல்லயும் பேசுவார், மேடம். பேசற குரலைப் பின்னாலேருந்து வர்ற மாதிரி பண்ணுவார். காலைல டாக்டரம்மா பைக்குள்ள பூனை கத்தற மாதிரி பண்ணிக் காட்டினார். ரெண்டு மணிக்கு அவருக்கும் மாமாவுக்கும் பெரிய வாய்ச்சண்டை வேற."

கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் இருந்த அந்த அம்மாள் மெல்ல எழுந்து, தம்பியை விட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். வழிகாட்டி அதைப் பார்த்தான். ஐயோ, என்ன செய்துவிட்டோம் என்று நினைத்தான். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கவும் துணிச்சல் வரவில்லை.

காலை 10:05. மைத்துனன்.

"மாமாவோட என்ன சண்டை?"

"வேலையை விட்டுட்டு மேடைல பலகுரல் பண்ணப்போறேன்னேன். 'முதல்ல சொந்தக் குரல்ல நாலு வார்த்தை உருப்படியா பேசு'ன்னார். கோவம் வந்துடுச்சு."

"பாலத்துல?"

"அவர் குரல் பின்னாடி கேட்டுது. திரும்பல. மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல."

"அந்தக் குரலை நீ குடுத்ததா சொல்றாங்க."

அவன் கண் கலங்கியது. "தெரியும் மேடம். அக்காவே அப்படித்தான் நெனைக்கிறா. போய்ப் பாருங்க, எங்க உக்காந்திருக்கான்னு."

காலை 10:20. வக்கீல்.

வெள்ளைச் சட்டை, கலையாத தலை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

"பாலத்துல உங்களுக்குப் பின்னாடி அவர் இருந்தாரா?"

"இருந்தான்னுதான் நெனச்சேன். குரல் கேட்டுது. மழைல யார் எங்கேன்னு யாருக்குத் தெரியும்?"

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"நாப்பது வருஷம். ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச்."

"ரெண்டு பேர்ல நல்லா படிச்சது யாரு?"

"அவன்தான். நான் கிளாஸ் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

"அப்புறம் எப்படிப் பரீட்சைக்கு விட்டாங்க? வருகை குறைஞ்சா விடமாட்டாங்களே?"

வக்கீல் லேசாகச் சிரித்தார். சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டரும் வற்புறுத்தவில்லை.

காலை 11:00.

எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். ஜோடி சுவரோரம் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா மேசையோரம். அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில். வழிகாட்டி கதவருகில் நின்றான். மைத்துனனைக் கையில் விலங்கு போட்டுக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று பயந்தான். தப்பித்தோம் என்ற ஒரு சின்ன நிம்மதியும் கூடவே எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதிதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"குரல் குடுத்தது முன்னாடி நடந்த மூணு பேர் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "பின்னாடி இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் பலகுரல் கலைஞர். அதனால எல்லாரும் அவரையே கை காட்டறீங்க. டாக்டரம்மா, சாப்பாட்டு நேரத்துல இவர் மாமா மாதிரி என்ன சொல்லிக் காட்டினார்?"

"'உள்ளேன் தம்பி.' மூணு தடவையாவது சொல்லியிருப்பார்."

"பாலத்துல கேட்டது?"

டாக்டரம்மா யோசித்தார். "உள்ளேன்... ஐயா." சொன்னவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வழிகாட்டியின் காதில் பாலத்துக் குரல் மறுபடி ஒலித்தது. ஐயா. அவன் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்! அந்த வார்த்தை முந்தின நாள் மூன்று பத்துக்கே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. இரண்டு மணி நேரம் முன்னால்தான், கூச்சமாக இருக்கிறது என்று அவனே மாற்றச் சொன்ன வார்த்தை.

"பலகுரல்காரருக்குக் காதுதான் சோறு போடுது," என்றார் இன்ஸ்பெக்டர். "மாமா ஐயாவைத் தம்பியா மாத்தினதை முதல்ல பிடிச்சதே இவர். இவர் குரல் குடுத்திருந்தா 'தம்பி'ன்னுதான் வந்திருக்கும். மாத்தினது தெரியாதவர் ஒரே ஒருத்தர்தான். அந்த நேரத்துல தகரக் கொட்டகைக்குள்ள சட்டை மாத்திக்கிட்டிருந்தவர். வக்கீல் சார், காலேஜ்ல நீங்க போகாத கிளாஸ்ல உங்களுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னது யாரு?"

வக்கீலின் கலையாத தலை மெல்லத் தாழ்ந்தது.

"அவன்தான்," என்றார். "மூணு வருஷம் எனக்காகச் சொன்னான். நேத்து அருவியை விட்டுக் கிளம்பி முதல் வளைவு தாண்டினதும் கையைப் பிடிச்சான். 'ஒரே ஒரு தடவை மேலேருந்து எட்டிப் பாத்துட்டு ஓடிவந்துடறேன். பழைய கடனைத் தீர்த்துடு, எனக்கு ஒரு உள்ளேன் போடு'ன்னான். விளையாட்டாத்தான் போட்டேன். வழியில வந்து சேர்ந்துக்குவான்னு நெனச்சேன்."

"வாசலுக்கு வந்தப்போ அவர் வரலைன்னு தெரிஞ்சுதே. அப்போ சொல்லியிருக்கலாமே? பதினெட்டுப் பேர் தப்பான இடத்துல தேடறதைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே?"

"சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள வழிகாட்டி 'பாலம் தாண்டிட்டார், கேட்டேன்'னு அடிச்சுச் சொன்னார். இப்போ சொன்னா எல்லாம் என் தலைல விடியுமேன்னு பயம். இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவான், பத்து நிமிஷத்துல வந்துடுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இருட்டிடுச்சு." மேசையில் இருந்த காகிதத்தைக் காட்டினார். "தள்ளிவிட்ட மாதிரிதான் அது. எழுதிக்குங்க."

மைத்துனன் சுவரில் சாய்ந்து அழுதான். அக்காள் மூலையிலிருந்து வந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பகல் 12:10.

எல்லோரும் போன பிறகு இன்ஸ்பெக்டர் காகிதத்தை வழிகாட்டியிடம் நீட்டினார். "உங்க வாக்குமூலம். கையெழுத்துப் போடுங்க. உங்க மேல கேஸ் இல்ல. ஏமாத்தினது அவர்."

அவன் பேனாவை வாங்கினான். போடவில்லை.

"இன்னொரு வரி எழுதணும், மேடம். பாலத்துல நான் திரும்பிப் பாக்கல. மழைனால இல்ல. வீட்டுக்குப் போற அவசரம். திரும்பியிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். அரை மணில போய்த் தூக்கியிருப்பேன்."

"எழுதினா உரிமம் போயிடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். அவன் கையெழுத்திட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தான். அக்காளும் தம்பியும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவன் தம்பியின் முன்னால் போய் நின்றான்.

"உங்க மேல சந்தேகத்தைக் கிளப்பினது நான்தான் சார். என்னைக் காப்பாத்திக்கச் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

தம்பி தலையசைத்தான். வழிகாட்டி அக்காளிடமும் அந்த ஒரு வரியை, காகிதத்தில் எழுதச் சொன்ன மாதிரியே, குறைக்காமல் சொன்னான். அந்த அம்மாள் முழுதும் கேட்டார். ஏசுவார், அறைவார் என்று அவன் காத்திருந்தான். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"வக்கீலுக்குத் தெரியும், தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டிருந்தான்," என்றார் அவர். "அவனை நான் ஆயுசு பூரா ஏசலாம். நீங்க அவர் பத்திரமா வந்துட்டார்னு நம்பித்தானே சொன்னீங்க? உங்களை நான் என்னன்னு சொல்லி ஏசறது?"

 வண்டி வந்தது. அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.