நகர்ந்த மஞ்சள் கோடுகள்

பல் டாக்டர், சர்வேயர் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையிலிருந்த கார் சாவியைக் கீழே வைக்கவில்லை.

“யாரோ என் காரைக் கெடுக்கறாங்க. போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. எதுவும் திருடு போகல, எதுவும் உடையல.”

சர்வேயர் தலையசைத்தார். நொறுங்கிய வண்டிகளைக் காப்பீட்டுக்காரர்களுக்காகப் பார்வையிட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். வேலை போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் அவருடன் இருந்தது அவர் மனைவியின் தம்பி மட்டும். அக்கா இறந்த பிறகும் மச்சினன் கிளம்பவில்லை. இவரும் கிளம்பச் சொல்லவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

“மேடம், உங்களுக்குக் கொழுந்தன் உண்டா?” என்றான் மச்சினன்.

“மாப்ளே, அவங்க மூச்சு விடட்டும்.”

“சும்மா கேட்டு வச்சேன் அத்தான்.”

டாக்டர் சொன்னது இதுதான். கார் மிகப் பழையது. இரண்டு இருக்கை, மேற்கூரை கிடையாது. துருப்பிடித்த கூடாக வாங்கி வந்து, கணவனும் மனைவியுமாக ஓட வைத்தார்கள். பந்தயங்களில் அவன் ஓட்டுவான். இவர் பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்து வளைவுகளைச் சொல்வார். போன வருடம் அவன் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். இப்போது இவரே ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம்.

“மெக்கானிக் செட் பண்ணிக் குடுத்த அன்னிக்கு வண்டி கத்தி மாதிரி போகும். அடுத்த வாரம் எடுத்தா, பிரேக் புடிச்சதும் ஒரு பக்கமா இழுக்கும். போன தடவை வளைவுல ஒரு சக்கரம் ரோட்டை விட்டு வெளிய போயிடுச்சு. கீழே பள்ளம்.”

“யாரோ தொட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வளையம் இருக்கு. என் வீட்டுக்காரர் மாத்தி வச்சது. அதைத் திருகினா அந்த மூலை ஏறும், இறங்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு. சந்தேகம் வந்ததும் மெக்கானிக் மஞ்சள் பெயின்ட்ல கோடு போட்டாரு. நாலு கோடும் நகர்ந்திருக்கு.”

“ஷெட் சாவி?”

“என்கிட்ட, மெக்கானிக்கிட்ட, கொழுந்தன்கிட்ட. அவர் பைக்கை அங்க நிறுத்தறார். வீட்டுக்குள்ளேர்ந்தும் ஒரு கதவு இருக்கு. உள்ளே நானும் மாமனாரும் மட்டும்தான்.” சற்று நிறுத்தினார். “மெக்கானிக்கை நிறுத்திடணும், இல்லன்னா கொழுந்தன் மேல புகார் குடுத்துடணும். ரெண்டுல ஒண்ணு தப்பாப் போகும். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“பந்தயத்தை விட்டுடலாமே?”

“அதுல உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும்தான் சார் எனக்கு வீட்டு ஞாபகம் வர்றதில்ல.”

ஷெட் வீட்டின் பின்பக்கம், சிமென்ட் தரையோடு சுத்தமாக இருந்தது. சர்வேயர் காருக்கு அடியில் படுத்தார். மச்சினன் டார்ச் பிடித்தான்.

கோடுகள் நகர்ந்திருந்தன. திருகு வளையங்களின் மேல் புதிய கிரீஸ். வழிந்ததைத் துணியால் துடைத்த தடமும் இருந்தது. சர்வேயர் வெளியே வந்து டயர்களில் காற்றை அளந்தார். நான்கும் சரி. பேட்டரியைத் திறந்தார். தண்ணீர் கோடு வரை நின்றது.

“பேட்டரிக்கு நீங்க தண்ணி ஊத்தினீங்களா?”

“நான் மெக்கானிக்குனு நினைச்சேன்,” என்றார் டாக்டர்.

“நான் டாக்டரம்மான்னு நினைச்சேன்,” என்றார் மெக்கானிக். மெலிந்த மனிதர். இடுப்பில் சாவிகள் குலுங்கின. “சார், வேணும்னா என்னைச் சந்தேகப்படுங்க, ஆனா என் வேலையைச் சந்தேகப்படாதீங்க. டாக்டரம்மாவை சீட்ல உட்கார வச்சு, ரசமட்டம் வச்சு, குமிழி நடுவுல நிக்கிற வரைக்கும் திருகினேன். ஓட்டறவங்க உட்காராம செட் பண்றது, கால் இல்லாம செருப்புக்கு அளவெடுக்கற மாதிரி.”

சர்வேயர் இருக்கைகளைப் பார்த்தார். தையல் மடிப்பில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் மணல் ஒட்டியது. பக்கத்து இருக்கையிலும் அப்படியே.

“கடற்கரைக்குப் போனீங்களா?”

“எங்கேயும் போகல.”

மாமனாரின் அறை ஷெட்டை ஒட்டி இருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். டீயை அவரே போட்டுக் கொண்டுவந்தார். கட்டில், மேசை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். மருமகள் அந்த அறைக்குள் வந்து நின்ற விதத்தில், அடிக்கடி வருபவரல்ல என்று தெரிந்தது. கதவோரம் சின்னச் சின்னத் துணி மூட்டைகள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒன்று பெரிய அடுக்கு, ஒன்று சிறியது.

“இதெல்லாம் என்ன சார்?” என்றான் மச்சினன்.

“மணல். மழைத்தண்ணி உள்ள வராம இருக்க.”

திரும்பும்போது மச்சினனுக்குக் கால் தரையில் பாவவில்லை. “கொழுந்தன்தான் அத்தான். யாரோ ஒருத்தர் பழைய கார் சேகரிக்கிறாராம். வித்துடலாம்னு அண்ணியை நச்சரிச்சுக்கிட்டே இருக்கானாம். பயந்துபோய் வித்துடுவாங்கன்னு கணக்குப் போட்டிருக்கான்.”

“கெடுக்க வந்தவன் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துவானா மாப்ளே?”



மறுநாள் மாலை நால்வரையும் சர்வேயர் ஷெட்டுக்கு வரச் சொன்னார். முதல் நாள் நகர்ந்திருந்த வளையங்களை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். காரின் முன்சட்டத்தில் குறுக்காக ரசமட்டத்தை வைத்தார்.

“டாக்டர், ஓட்டற சீட்ல உட்காருங்க.”

உட்கார்ந்தார். குமிழி காலி இருக்கையின் பக்கம் ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

“இப்ப பக்கத்து சீட்டுக்கு வாங்க.” கொழுந்தனைப் பார்த்தார். “நீங்க உங்க அண்ணன் உடம்புவாகுதானே?”

“அவன் சட்டை எனக்குச் சரியா இருக்கும். ஏன்?”

“நீங்க ஓட்டற சீட்ல உட்காருங்க.”

கொழுந்தன் கதவைத் தடவினான். கைப்பிடி இல்லை. “இதை எங்கே திறக்கறது?”

“உள்ளே வார் இருக்கு,” என்றார் டாக்டர். அவரே இழுத்துத் திறந்தார். அவன் உட்கார்ந்தான். அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் நேரே பார்த்தார்.

குமிழி மெதுவாக நகர்ந்து நடுவுக்கு வந்தது. டாக்டரின் பக்கமாக ஒரு நூல் மட்டும் தள்ளி நின்றது.

“டாக்டரைக் கொல்ல இந்த வளையங்களை யாரும் திருகல,” என்றார் சர்வேயர். “திருகினவர் வண்டியை ரொம்ப ஒழுங்கா செட் பண்ணியிருக்கார். ரெண்டு பேருக்கு. கனமான ஒருத்தர் ஓட்டறதுக்கு, லேசான ஒருத்தர் பக்கத்துல உட்கார. அதுல டாக்டர் தனியாப் போனா வண்டி சாயும். பிரேக் புடிச்சா இழுக்கும்.”

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பழைய செட்டிங்!”

“அதேதான். மெக்கானிக்குக்கு டாக்டர் ஒருத்தர்தான் கணக்கு. கொழுந்தனுக்குக் கதவே திறக்கத் தெரியல. ஸ்பிரிங்கை எங்கே தேடுவார்? டாக்டரையும் அவங்க வீட்டுக்காரரையும் உட்கார வைக்க முடியாததால, அவங்க எடைக்கு மணல் வச்சிருக்காங்க. சீட்ல மணல் இருக்கு. மழைத்தண்ணியைத் தடுக்கற மூட்டை வாசப்படிக்குக் குறுக்கே கிடக்கணும். ரெண்டு அடுக்கா, ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னதா இருக்காது.”

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் டாக்டரை மட்டும் பார்த்தார்.

“அவன் இருந்தப்ப வாரா வாரம் நாங்க ரெண்டு பேரும்தான் செட் பண்ணுவோம்,” என்றார். “நீ ஆஸ்பத்திரியில இருப்பே. போன மாசம் பார்த்தா எல்லாம் மாறிக் கிடந்துச்சு. எவனோ அவன் செட்டிங்கைக் கெடுத்துட்டான்னு நினைச்சேன். சரி பண்ணேன். மறுபடி மாத்தினான். மறுபடி சரி பண்ணேன். ரெண்டு பேர் போற வண்டியாச்சே...”



டாக்டர் காரை விட்டு இறங்கினார். “நான் செத்திருப்பேன் மாமா.”

“நீ பந்தயத்துக்குப் போறேன்னு எனக்குத் தெரியாதேம்மா. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்னு நினைச்சேன்.”

“நீங்க கேக்கல.”

“நீயும் சொல்லல.”

கொழுந்தன் இன்னும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இறங்குவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் அவனிடம் திரும்பினார்.

“உங்க மேல புகார் எழுதி வச்சிருந்தேன்.”

“எனக்குத் தெரியும் அண்ணி. மெக்கானிக் சொன்னாரு. அவரை நிறுத்தப் போறீங்கன்னு நான் அவருக்குச் சொன்னேன்.”

மச்சினனுக்குச் சிரிப்பு வந்தது. சர்வேயர் பார்த்த பார்வையில் அது இருமலாக மாறியது.

டாக்டர் சிரிக்கவில்லை. ஷெட்டின் சுவரில் மாட்டியிருந்த, வளையம் திருகும் நீளக் கைப்பிடிச் சாவியை எடுத்தார். மெக்கானிக் கையை நீட்டினார். டாக்டர் அவரைத் தாண்டிப் போய் மாமனாரிடம் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை நான் ஓட்டணும். நான் மட்டும். ஒருத்தருக்குச் செட் பண்ணிக் குடுங்க மாமா.”

கிழவர் சாவியைப் பார்த்தபடி நின்றார். பிறகு முன்சக்கரத்தின் அருகே ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வகுப்பில் கேட்பதைப் போலக் கேட்டார்:

“எடை எவ்வளவு?”

“நாற்பத்தாறு கிலோ.”

“அறுபதாச்சே. அந்தக் கணக்குலதான் மணல் வச்சேன்.”

“அது அப்போ.”

மாமனார் தலையை நிமிர்த்தினார். ரசமட்டத்தில் குமிழி ஏன் ஒரு நூல் தள்ளி நின்றது என்பது அவருக்கு இப்போது புரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மருமகளின் முகத்தை அன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார். கன்ன எலும்பு. கழுத்து. கழன்றுவிடாமல் நூல் சுற்றிய மோதிரம்.

“சாப்பிடறியா?”

டாக்டர் மோதிரத்தை உள்ளே தள்ளினார். “நீங்க?”

கிழவர் குனிந்து சாவியை வளையத்தில் பொருத்தினார்.

“சரி. நாற்பத்தாறுக்கே வைக்கறேன்,” என்றார். “ஏறி உட்காரு. அசையாதே.”